கேட்காத கட்டத்தை ஏற்காதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே பத்துப் பதினைந்து பார்ம்களையாவது நிரப்பியிருப்பார்கள். இமெயில் தொடங்க ஒரு பார்ம், ரயில் டிக்கெட் எடுக்க ஒரு பார்ம், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஒரு பார்ம் என்று போய்க் கொண்டே இருக்கும். மொபைல் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தால் உடனே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். பிறந்த தேதியில் 13-வது மாதம் என்று கொடுத்தால் பார்ம் நகராது. நாம் தரும் தகவல் சரியான வடிவில் இருக்கிறதா என்று புரோகிராம் செய்யும் இந்தச் சோதனைக்கு டேட்டா வேலிடேஷன் என்று பெயர்.

இந்தச் சோதனையில் ஒரு பாதியைத்தான் பெரும்பாலான புரோகிராம்கள் செய்கின்றன. கட்டத்திற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கின்றன. வந்து சேர்ந்த கட்டங்கள் எல்லாம் நாம் கேட்ட கட்டங்கள்தானா என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டாவது சோதனைதான் முதலில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. சாப்ட்வேர் எழுதுபவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். எக்ஸெல்லில் கணக்கு எழுதும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

கீ என்பது என்ன, வேல்யூ என்பது என்ன?

ஒரு பார்மில் "ஊர்" என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கு எதிரே நீங்கள் "கீழ்பென்னாத்தூர்" என்று எழுதுகிறீர்கள். இதில் "ஊர்" என்பது கீ. "கீழ்பென்னாத்தூர்" என்பது வேல்யூ. பெயர், ஊர், மொபைல் என்று இப்படிப் பல ஜோடிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டையைப் புரோகிராமர்கள் மேப் என்று அழைக்கிறார்கள். தேசப்படத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. எந்தக் கீயைக் கொடுத்தால் எந்த வேல்யூ கிடைக்கும் என்று காட்டுவதால் அந்தப் பெயர்.

எங்கள் ஊரின் பெயரைக் கீழ்பென்னாத்தூர் என்றும், கீழ்பெண்ணாத்தூர் என்றும், கீழ்ப்பென்னாத்தூர் என்றும் எழுதுகிறார்கள். இது வேல்யூவில் வரும் குழப்பம். கண்ணில் படும், திருத்திவிடலாம். "ஊர்" என்ற கீ இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் "கிராமம்" என்று எழுதிவிட்டால் அது கீயில் வரும் குழப்பம். புரோகிராம் "ஊர்" எங்கே என்று தேடும். கிடைக்காது. ஊரே தரப்படவில்லை என்று முடிவு செய்துவிடும். கொடுத்தவரோ சரியாகத்தான் கொடுத்தோம் என்று நினைத்துக் கொண்டிருப்பார்.

காணாமல் போன 12 மூட்டை

கீழ்பென்னாத்தூரில் ஒரு கமிஷன் மண்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். விவசாயிகள் கொண்டு வரும் மூட்டைகளை நெல், மணிலா, உளுந்து என்று மூன்று தலைப்புகளில் பதிய ஒரு சிறிய புரோகிராமும் எழுதி வாங்கிவிட்டார்.

நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மணிலா என்போம். மல்லாட்டை என்றும் சொல்வோம். கடையில் எழுதும்போது சிலர் வேர்க்கடலை என்று எழுதுவார்கள். மண்டிக்குப் புதிதாக வந்த பையன் ஒரு நாள் பைலில் "மல்லாட்டை" என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே 12 என்று பதிந்து அனுப்புகிறான். புரோகிராம் என்ன செய்யும்? 12 என்பது எண்தானா என்று கேட்டால், ஆம். பூஜ்யத்தை விடப் பெரியதா என்றால், ஆம். வேல்யூ சோதனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "மணிலா" என்ற கீ வரவில்லை. வரவில்லை என்றால் 0 என்று எடுத்துக் கொள்ளும்படி புரோகிராம் எழுதப்பட்டிருக்கிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. பதிவு முடிந்தது என்று பச்சை எழுத்தில் செய்தி வருகிறது.

மாதக் கடைசியில் விவசாயி பணம் வாங்க வருகிறார். "கம்ப்யூட்டர்ல காட்டலையே அண்ணே" என்று பதில் கிடைக்கிறது. நோட்டில் எழுதிய காலத்தில் கணக்குப்பிள்ளை மல்லாட்டை என்று பார்த்ததும் மணிலா கணக்கில் சேர்த்துக் கொண்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு அந்த ஊர் வழக்கு தெரியாது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லவாவது அதற்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். "மல்லாட்டை என்ற தலைப்பு என் பட்டியலில் இல்லை. நெல், மணிலா, உளுந்து மட்டுமே ஏற்பேன்" என்று அன்றே நிறுத்தியிருந்தால் பையன் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கூகுள் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். முடிவுகள் வந்ததும் பிரவுசரின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் கிளிக் செய்து முழு முகவரியையும் பாருங்கள். க்யூ என்ற ஆங்கில எழுத்தும், சமக்குறியும், அதன் பின்னே நீங்கள் தேடிய சொல்லும் தெரியும். க்யூ என்பது கீ. உங்கள் சொல் வேல்யூ. முகவரியின் கடைசியில் &மணிலா=12 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதே முடிவுப் பக்கம் மீண்டும் வரும். கூகுள் உங்களிடம் மணிலா பற்றிக் கேட்கவே இல்லை. நீங்கள் கொடுத்தீர்கள். அது கண்டுகொள்ளவில்லை.

இதிலிருந்து ஒன்றைத் தெரிந்து கொள்ளலாம். திரையில் தெரியும் கட்டங்களை மட்டும்தான் ஒருவர் அனுப்ப முடியும் என்று எண்ணுவது தவறு. பிரவுசரில் உள்ள பார்ம் ஒரு முகப்பு மட்டுமே. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் அதில் இல்லாத கட்டத்தையும் சேர்த்து அனுப்பிவிடலாம். தேடலில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. அனுப்பியதை எல்லாம் அப்படியே எடுத்து சேமிக்கும் புரோகிராமாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2012-ல் கிட்ஹப்பில் நடந்தது

உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் சாப்ட்வேரின் மூல வரிகளைச் சேமித்து வைக்கும் தளம் கிட்ஹப். இது ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்டது. அந்த ரெயில்ஸின் மூல வரிகளும் கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. ரெயில்ஸில் ஒரு வசதி இருந்தது. பார்மிலிருந்து வரும் எல்லாக் கட்டங்களையும் ஒரே வரியில் டேட்டாபேஸில் எழுதிவிடலாம். புரோகிராமருக்கு நேரம் மிச்சம். எந்தக் கட்டங்களை ஏற்கலாம் என்று பட்டியல் போடுவது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது.

எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் இது ஆபத்து என்று ரெயில்ஸ் குழுவினரிடம் எடுத்துச் சொன்னார். பட்டியல் போடுவது அந்தந்தப் புரோகிராமரின் பொறுப்பு என்று பதில் வந்தது. 2012 மார்ச் 4 அன்று அவர் செய்து காட்டினார். கிட்ஹப்பில் ஒவ்வொருவரும் தம் கம்ப்யூட்டரை அடையாளம் காட்ட ஒரு டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்வார்கள். அந்தப் பார்மில் "இந்தச் சாவி எந்த யூசருடையது" என்ற கட்டம் இல்லை. ஹோமகோவ் அந்தக் கட்டத்தைத் தாமே சேர்த்து, ரெயில்ஸ் குழுவின் அடையாள எண்ணை அதில் எழுதி அனுப்பினார். கிட்ஹப் அப்படியே சேமித்துக் கொண்டது. அவருடைய சாவி ரெயில்ஸ் வீட்டின் சாவியாகிவிட்டது. உள்ளே நுழைந்து ஒரு பைலை வைத்துவிட்டு வந்தார். சேதம் எதுவும் செய்யவில்லை.

கிட்ஹப் அன்றே அந்த ஓட்டையை அடைத்தது. 2013-ல் வெளியான ரெயில்ஸ் 4-ல், அனுமதிக்கும் கட்டங்களின் பெயர்களைப் புரோகிராமர் எழுதித் தந்தால்தான் அவை டேட்டாபேஸ் வரை போகும் என்ற ஏற்பாடு வந்தது. இதற்கு ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ் என்று பெயர்.

கூடாதவற்றின் பட்டியல் ஏன் போதாது?

கூடாத கட்டங்களை மட்டும் பட்டியல் போட்டுத் தடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கல்யாண வீட்டில் அழைத்தவர்களின் பட்டியலை எழுதிவிடலாம். அழைக்காதவர்களின் பட்டியலை யாராலும் எழுத முடியாது. புரோகிராமில் நாளை ஒரு புதிய கட்டம் சேர்ந்தால், கூடாதவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்க யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். மறந்தால் கதவு திறந்தே இருக்கும். அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறந்தால் கதவு மூடியிருக்கும். வேலை நடக்கவில்லையே என்று யாராவது வந்து சொல்வார்கள், சேர்த்துவிடலாம்.

சட்டமே போட்ட பட்டியல்

இது சாப்ட்வேர் கம்பெனிகளுக்குள் மட்டும் பேசப்படும் விஷயம் இல்லை என்பதற்கு உங்கள் பர்ஸில் இருக்கும் ஆதார் அட்டையே சாட்சி. ஆதார் தொடங்கிய 2009-ம் ஆண்டில், ஒருவரிடம் என்னென்ன விவரங்களைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய என். விட்டல் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி என்று சிறிய பட்டியல் தயாரானது. மொபைலும் இமெயிலும் விருப்பம் இருந்தால் தரலாம். பதிவு செய்யும் அரசுத் துறைகள் தங்கள் தேவைக்காக ரேஷன் கார்டு எண் போன்ற கூடுதல் கட்டங்களைச் சேர்த்துக் கேட்டதும் உண்டு. அவற்றை மூலப் பட்டியலிலிருந்து பிரித்துக் காட்ட கே.ஒய்.ஆர். பிளஸ் என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள்.

2016-ல் வந்த ஆதார் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இனம், மதம், சாதி, பழங்குடி, மொழி, வருமானம், மருத்துவ விவரம் போன்றவை ஆதாருக்கான தகவலில் இடம்பெறக் கூடாது என்று அதன் 2-வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். புரோகிராமர் பாஷையில் சொன்னால், இந்த மேப்பில் இந்தக் கீகள் வரக்கூடாது என்று நாடாளுமன்றமே சொல்லியிருக்கிறது. இதற்குக் காரணம் தெளிவானது. சாதி என்ற கட்டத்தில் சரியாக எழுதியிருக்கிறதா என்று சோதிப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. கட்டமே இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சேமிக்காத விவரத்தை யாரும் திருட முடியாது.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. போனில் டாக்டரிடம் ஆலோசனை பெறும் ஒரு ஆப், உங்கள் போனில் உள்ள கான்டாக்ட் பட்டியலையும் கேட்டு, நீங்களும் சரி என்று சொல்லிவிட்டாலும், அந்தச் சம்மதம் ஆலோசனைக்குத் தேவையான விவரங்களுக்கு மட்டுமே செல்லும் என்று அந்தச் சட்டம் உதாரணத்தோடு விளக்குகிறது.

எதிர்ப்பக்கத்தில் சொல்வது என்ன?

இன்டர்நெட் வளர்ந்ததே தாராள மனதால்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல், அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெறும்போது தாராளமாக இரு என்ற பொருளில் 1980-ல் எழுதினார். பிரவுசருக்குத் தெரியாத ஒரு டேக் வெப் பக்கத்தில் இருந்தால் அது தாண்டிப் போய்விடும். இதனால்தான் புதிய வசதிகளோடு எழுதிய பக்கம் பழைய பிரவுசரிலும் ஓரளவு தெரிகிறது. பேஸ்புக்கில் வரும் லிங்க்குகளின் வாலில் அந்தத் தளம் தன் அடையாளத்தை ஒட்டி அனுப்புகிறது. தெரியாத கீ வந்துவிட்டது என்று எல்லாத் தளங்களும் கதவைச் சாத்தினால் பாதி லிங்க்குகள் திறக்காது.

எனவே நான் ஒரு கோடு போடுகிறேன். படிக்க வருபவரிடம் தாராளமாக இருக்கலாம். எழுத வருபவரிடம், அதாவது டேட்டாபேஸில் ஏதாவது பதியவோ மாற்றவோ பணம் அனுப்பவோ வருபவரிடம், கண்டிப்பாக இருக்க வேண்டும். தாராளத்தின் விலையை இன்டர்நெட் வல்லுநர்களும் உணர்ந்திருக்கிறார்கள். பிழையை ஏற்றுக் கொண்டே போனால் நாளடைவில் அந்தப் பிழையே வழக்கமாகிவிடும் என்று எச்சரிக்கும் ஆர்.எப்.சி. 9413 என்ற ஆவணம் 2023-ல் வெளியானது.

இன்னொரு எதிர்ப்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பட்டியலை யார் போடுவது? 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ள இந்தியர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சர்நேம் என்ற கட்டம் காலியாக இருப்பது தமிழர்களிடையே சாதாரணம். நமக்கு உள்ளது அப்பாவின் பெயரும் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தாலும் போதும் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். நம்மை அறியாதவர்கள் போட்ட பட்டியல் நம்மையே வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இது உதாரணம். ஆகவே பட்டியலை மூடுவதற்கு முன்னால் அதை நிரப்பப் போகிறவர்களிடம் கேட்க வேண்டும். மண்டியில் மூட்டை இறக்குபவரைக் கேட்டிருந்தால் மணிலாவும் மல்லாட்டையும் ஒன்று என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

சத்தமில்லாமல் தள்ளிவிடுவதும் தவறு

பட்டியலில் இல்லாத கட்டம் வந்தால் இரண்டு விதமாக நடக்கலாம். அந்தக் கட்டத்தை மட்டும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு மற்றதைச் சேமிப்பது ஒன்று. மொத்தத்தையும் நிறுத்தி, எந்தக் கட்டம் பட்டியலில் இல்லை என்று பெயரோடு சொல்வது மற்றொன்று. ரெயில்ஸ் முதல் வழியைத்தான் வழக்கமாகக் கொண்டிருக்கிறது. கேட்டால் இரண்டாவது வழியிலும் நடக்கும்.

முதல் வழி திருடனைத் தடுக்கும். ஆனால் மண்டிப் பையனுக்கு உதவாது. அவனுடைய 12 மூட்டை அப்போதும் காணாமல்தான் போகும். தவறாகப் பெயர் எழுதிய நல்லவர்கள்தான் திருடர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். அதனால் நான் இரண்டாவது வழியையே சொல்வேன். எச்சரிக்கைச் செய்தியில் வந்த தலைப்பையும் ஏற்கும் தலைப்புகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது யாருக்கும் பயன்படாது.

எக்ஸெல்லில் செய்வது எப்படி?

சங்கக் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, பள்ளி மாணவர் பட்டியலோ எக்ஸெல்லில் வைத்திருப்பவர்கள் இன்றே இதைச் செய்திடலாம். முதல் வரிசையில் உங்களுக்குத் தேவையான தலைப்புகளை எழுதுங்கள். விவரம் நிரப்ப வேண்டிய செல்களை மட்டும் செலக்ட் செய்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் புரொடெக்ஷன் டேப் சென்று லாக்டு என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கிளிக் செய்யவும். பிறகு ரிவ்யூ டேபில் புரொடெக்ட் ஷீட் என்பதைக் கிளிக் செய்து, வேண்டுமானால் ஒரு பாஸ்வேர்டு கொடுத்து ஓகே தரவும். இனி யாரும் தலைப்பை மாற்றவோ, நடுவில் புதிய காலம் ஒன்றைச் செருகவோ முடியாது. விவரங்களை மட்டும் வழக்கம்போல் நிரப்பலாம்.

வெளியிலிருந்து வரும் பைலுக்கு இந்தப் பூட்டு உதவாது. அதற்குத் தனியாக ஒரு ஷீட்டில் உங்கள் அனுமதிப் பட்டியலை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். வந்த பைலின் ஒவ்வொரு தலைப்பும் அந்தப் பட்டியலில் எத்தனை முறை இருக்கிறது என்று கவுன்ட்இஃப் பங்ஷன் மூலம் எண்ணிப் பாருங்கள். 1 என்று வந்தால் சரி. 0 என்று வந்தால் அது அழையாத விருந்தாளி. அந்தத் தலைப்பை விசாரித்த பிறகே உங்கள் கணக்கில் சேருங்கள். தலைப்பின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தாலும் 0 என்று காட்டிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த ஸ்பேஸ் பல பேரின் கூட்டல் தவறுக்குக் காரணம்.

உங்கள் கடைக்கோ சங்கத்திற்கோ யாரிடமாவது சாப்ட்வேர் எழுதி வாங்கினால், பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அது ஏற்கும் பைலில் ஒரு தலைப்பை வேண்டுமென்றே மாற்றி எழுதிக் கொடுங்கள். தலைப்பின் பெயரைச் சொல்லி நிறுத்தினால் நல்ல சாப்ட்வேர். எல்லாம் சரியாக முடிந்தது என்று பச்சை எழுத்தில் செய்தி வந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். பிறகு உங்கள் கணக்கில் எந்த மூட்டையும் சொல்லாமல் காணாமல் போகாது.